சுறா பாய் கூண்டில் இறங்கிய சரித்திரம்

பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவது சுலபம். மூன்று நான்கு வருடம் உட்கார்ந்தால், அங்கியை மாட்டிவிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பட்டம் வாங்குவதுதான் கஷ்டம். அது தானாக வர வேண்டும். நாலு பேர் வாயில் ஊற வேண்டும். பெற்றவர் சற்று வெட்கப்பட்டு மறுக்கவும் வேண்டும். டன்லப் ஸ்திரீட் ஜலாலியா உணவகத்தின் உரிமையாளர் ஜலாலுதீன் இந்த எல்லாப் படிகளையும் முறையாகத் தாண்டி, ‘சுறா பாய்’ என்ற பட்டத்தைப் பெற்றவர்.

காரணம், அந்தக் கடையின் சுறாப்புட்டு. பால்சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சளும் மிளகும் சேர்த்து, பூண்டு நிறையத் தட்டிப் போட்டு வதக்கிய அந்தப் புட்டுக்காக புக்கிட் பாஞ்சாங்கிலிருந்தெல்லாம் ரயிலேறி வருவார்கள். புட்டைச் செய்தது அவருடைய மனைவி பதுருன்னிசா. பட்டத்தை வாங்கியது ஜலாலுதீன். இந்த ஏற்பாட்டில் குறை காண்பவர்கள் குடும்ப வாழ்க்கையின் ஆழம் அறியாதவர்கள்.

ஆனால் ஜலாலுதீனும் சும்மா இருந்தவர் அல்லர். தேக்கா சந்தையில் சுறா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள். அவர் கண்ணைப் பார்ப்பதே இல்லை. “கண்ணு பொய் சொல்லும் லா, செவுள் பொய் சொல்லாது” என்பார். நேராகச் செவுள் பிளவில் இரண்டு விரலை நுழைத்து, எடுத்து, மோந்து பார்த்து, மீன்காரனை ஒரு பார்வை பார்ப்பார். நாற்றம் தட்டினால் அந்தப் பார்வையில் மீன்காரன் கூனிக் குறுகிப் போவான். அந்த இரண்டு விரல்களை அவர் ஒரு வைத்தியரின் கைபோலப் பாதுகாத்து வந்தார்.

புட்டு போடுவது வெள்ளிக்கிழமை மட்டும். ஜும்மா முடிந்து ஜலாலுதீன் தொப்பியோடு கடைக்குத் திரும்பும் நேரத்தில், மூலை மேசையில் ஆம்ப்ரோஸ் காத்திருப்பார். ஆம்ப்ரோஸ் வீட்டுத் தரகர். பழைய காலத்துக் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார். மீனுக்குத் தடையில்லை, சுறா மீன்தான் என்பதில் பங்குச்சாமியாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆக, ஒருவருடைய தொழுகையும் இன்னொருவருடைய ஒறுத்தலும் ஒரே தட்டில் சந்தித்துக்கொண்டன. சாட்சிக்கு ராமலிங்கம் உட்கார்ந்திருப்பார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் பட்டங்கள் வழங்கும் அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. யார் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வரலாறு, ஆம்ப்ரோஸின் மகள் கிம்பர்லி ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குத் தாதி வேலைக்குப் போனதால் திசை மாறியது.

மகளைப் பார்க்கப் போன ஆம்ப்ரோஸ் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். மார்பில் பல்லைக் காட்டிய சுறா அச்சிட்ட டீ சட்டை. நடையில் ஒரு மிதப்பு, தரையில் கால் பாவாத மாதிரி. ஜலாலுதீன் தன் கையாலேயே புட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தார். ஆம்ப்ரோஸ் அதை ஒரு விரலால், மிக மென்மையாக, தள்ளி வைத்தார்.

“வேணாம் பாய்.”

“ஏன் அண்ணே, கவுட்டு மூட்டுவலியா? டாக்டர் சொன்னாரா?”

“டாக்டர் இல்ல. இனிமே நான் சுறா தொடமாட்டேன். அதோட கண்ணப் பாத்துட்டேன்.”

கடையே திரும்பிப் பார்த்தது. ஆம்ப்ரோஸ் கைத்தொலைபேசியை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். நீல வெளிச்சம். இரும்புக் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் ஒரு பேருந்து மாதிரி ஏதோ அவசரமில்லாமல் திரும்பியது.

“வெள்ளைச்சுறா. போர்ட் லிங்கன்லேர்ந்து படகுல போவணும், ரெண்டு மூணு மணி நேரம். நடுக்கடல்ல கூண்ட எறக்குவான்.”

“கூண்டு யாருக்கு, சுறாவுக்கா?” என்றார் ராமலிங்கம்.

“எனக்கு லா!”

“அப்ப சுறாதான் உங்களப் பாக்க வந்திருக்கு. டிக்கெட்டு அது வாங்கிச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜலாலுதீன் மற்றவர்களைவிட ஒரு மடங்கு அதிகமாகச் சிரித்தார். இதோடு இந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தார். ஆனால் ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. அதுதான் ஆபத்து.

“சிரிக்காதீங்க. கிட்ட வந்துச்சு. இதோ இந்த மேசை தூரம். அப்படியே கறுப்புக் கண்ணு. என்னையே பாத்துச்சு. நான் யாருன்னு அதுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு பார்வ. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் பாய், இந்த வாயால இனி அதத் தின்னக்கூடாதுன்னு.”

ராமலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்கோ ஏதோ கிடைக்கப் போகிறது அல்லது பறிபோகப் போகிறது என்று பொருள்.

“யோசிச்சுப் பாத்தா, பாய் பாத்த சுறாவெல்லாம் செத்த சுறா. மஞ்சத்தூள் போட்டது. உயிரோட பாத்தது இவருதான். நியாயப்படி இவருதான்யா சுறா ஆம்ப்ரோஸ்.”

ஜலாலுதீன் கையிலிருந்த ‘தே தாரிக்’ தேநீர்க் குவளை மேசையில் சற்று உரக்க உட்கார்ந்தது.

பொறாமை என்பது கெட்ட குணம் என்று ஜலாலுதீனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தனக்கு வந்தது பொறாமை அல்ல, நீதி உணர்ச்சி என்று முடிவு செய்தார். அந்த நீதி உணர்ச்சி வயிற்றின் மேல்பாகத்தில் ஆரம்பித்து நெஞ்சுக்கூடு வரை எரிந்தது. பாலிகிளினிக்கில் ஓர் இளம் மருத்துவர் அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லி மாத்திரை எழுதினார். மருத்துவ விஞ்ஞானம் இன்னும் வளர வேண்டியிருக்கிறது.

மருந்துக்கு நடுவே ஆராய்ச்சியும் நடந்தது. ஆம்ப்ரோஸ் எல்லாருக்கும் அனுப்பிய காணொளியை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். “இது கடலே இல்ல, செந்தோசா மீன் காட்சியகத்துக் கண்ணாடித் தொட்டி” என்று முதலில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். செந்தோசாவில் வெள்ளைச்சுறா கிடையாது என்று தெரிந்ததும் அதை வாபஸ் வாங்கினார். அடுத்து, “பால்சுறா வேற, வெள்ளைச்சுறா வேற, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார்.

“ஒரு மாமன் மச்சான் முறையாவது இருக்காதா பாய்?” என்றார் ராமலிங்கம்.

நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைகளில் இளைஞர்கள் வந்தார்கள். புட்டுக்கு அல்ல, ஆம்ப்ரோஸோடு படம் பிடித்துக்கொள்ள. அவர்களும் சுறா வேண்டாம் என்று முட்டைப் பொரியல் கேட்டார்கள். ஆம்ப்ரோஸ் ஜலாலுதீனின் நாற்காலியில், ஜலாலுதீனின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு வாரமும் சுறாவை ஒரு சாண் நீளமாக்கினார். உச்சகட்டமாக, சிராங்கூன் பக்கத்துச் சமூக மன்றம் ஒன்று அவரை ‘நானும் வெள்ளைச்சுறாவும்’ என்று உரையாற்ற அழைத்தது. அவர் கோட் போட்டுக்கொண்டு பேசினார். கூட்டத்துக்குச் சிற்றுண்டி ஜலாலியா உணவகத்திலிருந்து போனது. ‘தயவுசெய்து சைவம் மட்டும்’ என்று கேட்டிருந்தார்கள். ஜலாலுதீன் உருளைக்கிழங்குக் கறிபஃப்களை அடுக்கியபடி பின்வரிசையில் நின்று முழு உரையையும் கேட்டார். கடைசியில் கை தட்டவும் செய்தார். கையில் எண்ணெய் இருந்ததால் சத்தம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் ஒரு பிரகடனம் வெளியானது.

“பதுரு, நாம ரெண்டு பேரும் பயணம் போறோம்.”

பதுருன்னிசா முகம் மலர்ந்தது. “மக்காவுக்கா, உம்ராவுக்கா?”

“சுறாவுக்கு.”

அவர் கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “அல்லாவே, அந்த மாத்திர வேல செய்யலயே” என்றார்.

மகள் சாதியாதான் பயணச்சீட்டு எல்லாம் போட்டுக் கொடுத்தாள். ஒரே நிபந்தனை: உம்மாவும் கூடப் போக வேண்டும். “வாப்பாவ தனியா அனுப்பினா அங்கயும் யார்கிட்டயாவது போட்டி போட்டு எதையாவது இழுத்துட்டு வருவாங்க. கூண்டுக்குள்ள எறங்க ரெண்டு பேருக்கும் புக் பண்ணிட்டேன். நீங்க எறங்கலைன்னா சும்மா படகுல உக்காருங்க உம்மா.”

பயணத்துக்கு முன்னால் ஜலாலுதீன் ஒரு பயிற்சி மேற்கொண்டார். கண்ணாடி முன் நின்று, இமைக்காமல், தன் கண்ணையே பார்த்தார். ஆம்ப்ரோஸைச் சுறா ஒரு தரம் பார்த்ததென்றால் தன்னை மூன்று தரமாவது பார்க்க வேண்டும். குறைந்தது ஆம்ப்ரோஸைவிட நீண்ட நேரம். முப்பது வருடமாக அந்த இனத்தோடு பழகியவரை அது அலட்சியப்படுத்துமா?

போர்ட் லிங்கனில் விடிகாலையில் படகு கிளம்பியது. குளிர் எலும்பைக் குடைந்தது. நெப்டியூன் தீவுகளை நெருங்கியதும் படகுக்காரர்கள் வாளி வாளியாக அரைத்த மீனைக் கடலில் கொட்ட ஆரம்பித்தார்கள். ஜலாலுதீன் எட்டிப் பார்த்தார். 

“பதுரு, சூர மீன்! நல்ல சூர! சம்பலுக்கு ஆவுற மீன அள்ளிக் கொட்டுறானுவ!”

“நீங்க செவுளப் பாத்தாச்சா?”

“வாசனையே சொல்லுதே.”

பிறகு ரப்பர் உடுப்பைக் கொடுத்தார்கள். தலையிலிருந்து கால் வரை, முகத்தைத் தவிர எல்லாம் மூடியது. ஜலாலுதீன் அதற்குள் நுழைய இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. பதுருன்னிசா தானாகவே போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“நீ எதுக்குப் போட்ட?”

“நல்லாத்தான் இருக்கு. நம்ம நீச்சல் குளத்துல போடுறதுகளவிட இது எவ்வளவோ ஒழுக்கமான உடுப்பு. போட்டதுக்கு எறங்கிட்டும் வந்துர்றேன்.”

படகின் பொறுப்பாளன், செம்பட்டை முடி இளைஞன், விதிகளைச் சொன்னான். குழாயை வாயில் கவ்வ வேண்டும். மெதுவாக மூச்சு விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையைக் கம்பிக்கு வெளியே நீட்டவே கூடாது. நீட்டினால் உடனே மேலே இழுத்துவிடுவோம், அப்புறம் இறங்க முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஜலாலுதீன் மிக உறுதியாக ஆட்டினார். சிங்கப்பூரர் விதியை மீறுவாரா?

கூண்டு தண்ணீருக்குள் இறங்கியது. குளிர் ஓர் அறை விட்டது. பிறகு எல்லாம் நீலமாயிற்று. தன் மூச்சு தன் காதில் தே ஆற்றுவது போலக் கொதித்துக் கேட்டது. ஜலாலுதீன் கண்களை அகல விரித்துத் தயாராக நின்றார். பக்கத்தில் பதுருன்னிசா கம்பிக்கு உள்ளே கைகட்டி, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

முதலில் தூரத்தில் ஒரு நிழல். இரண்டாம் தரம் நிழலுக்கு வயிறு இருந்தது, வெள்ளையாக. மூன்றாம் தரம் அது வந்தது. ஆம்ப்ரோஸ் ஒரு சாண்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பது ஜலாலுதீனுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. அதற்காகவும் ஆம்ப்ரோஸ் மேல் கோபம் வந்தது.

இப்போது கண்ணைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கடல் கடந்து வந்திருக்கிறார். கண் இதோ, கம்பிக்கு அப்பால், நெருங்குகிறது. ஆனால் முப்பது வருடம் மீனின் கண்ணைப் பார்த்தே அறியாத மனிதர் அவர். பார்வை அதுபாட்டுக்குப் பின்னால் நழுவியது. செவுள்! ஐந்து பிளவுகள், ஒவ்வொன்றும் ஒரு முழம். மெல்லத் திறந்து மூடின. தேக்காவில் யாரும் கனவிலும் கண்டிராத செவுள். ஜலாலுதீன் தன்னை மறந்தார். ஆம்ப்ரோஸை மறந்தார், பட்டத்தை மறந்தார். அவருடைய அந்த இரண்டு விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. அவை தம் கடமையைச் செய்யக் கம்பிக்கு வெளியே நீண்டன.

அடுத்த நொடி யாரோ அவருடைய பிடரியைப் பற்றித் தூக்கினார்கள். ஒரு கூடை மீனைப் போல அவர் மேல்தளத்தில் வந்து விழுந்தார்.

“என்ன செய்தீர்கள்?” என்று செம்பட்டை முடி இளைஞன் ஆங்கிலத்தில் கத்தினான். முகம் வெளுத்திருந்தது.

“செக்கிங்” என்றார் ஜலாலுதீன், பல் தந்தியடிக்க.

“எதை?”

“ஃப்ரெஷ்ஷா இல்லையா...”

இளைஞன் அவருடைய விரல்களை எண்ணிப் பார்த்தான். பிறகு மிகவும் பொறுமையாக, “ஐயா, அது உயிரோடு இருக்கிறது” என்றான்.

உலகத்திலேயே உயிருள்ள வெள்ளைச்சுறாவுக்குச் செவுள் பார்க்கப் போன ஒரே மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு போர்வையும் ஒரு குவளை மைலோவும்தான். அதைக் குடித்தபடி, தண்டனை பெற்ற பள்ளிப்பிள்ளைபோல ஓரத்தில் உட்கார்ந்து, கூண்டையே பார்த்தார். கூண்டுக்குள் அவருடைய இடம் காலியாக இருந்தது. பதுருன்னிசாவின் தலை மட்டும் தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்தது. அந்தச் சாம்பல் நிற முதுகு திரும்பி வந்தது. கூண்டின் பக்கத்தில் நின்றது. நின்றே விட்டது போலிருந்தது. படகில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து படம் எடுத்தார்கள்.

பதுருன்னிசா மேலே வந்தபோது ஒன்றும் பேசவில்லை. கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தில், விளக்கை அணைத்த பிறகுதான் ஜலாலுதீனால் பொறுக்க முடியாமல் போயிற்று.

“பாத்துச்சா?”

“ம்.”

“உன்னையா?”

“பின்ன, கூண்டுல வேற யாரு இருந்தா?”

“கோவமாவா?”

“இல்ல.”

“பசியோடயா?”

“இல்லங்க.”

“பின்ன எப்படித்தான் பாத்துச்சு?”

பதுருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உங்களுக்குச் சொன்னாப் புரியாது. நீங்க அப்படி ஒரு நாளும் பாத்ததில்ல.”

ஜலாலுதீன் பையைத் துழாவி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். இதுவரை ஒரு வீட்டுத் தரகர் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு மீன் மேல் பொறாமைப்பட வேண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா முடிந்து அவர் வந்தபோது மூலை மேசை நிரம்பியிருந்தது. ஆம்ப்ரோஸ் ஜலாலுதீனின் நாற்காலியில்தான் இருந்தார். ஜலாலுதீன் நின்றபடியே ஆரம்பித்தார். குளிரை விவரித்தார், வாளி வாளியாகக் கொட்டிய சூரையை விவரித்தார். “கிட்ட வந்துச்சு. நான் பயப்படல. கைய நீட்டித் தொடப் போனேன். அவனுங்கதான் பயந்துபோய்த் தடுத்துட்டானுங்க” என்றார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

“தொடப் போனீங்களா!” என்று ராமலிங்கம் வாயைப் பிளந்தார். பட்டம் திரும்பும் ஓசை ஜலாலுதீனுக்குக் காதில் கேட்டது.

ஆம்ப்ரோஸ் சாய்ந்து உட்கார்ந்தார். “அதெல்லாம் சரி பாய். கண்ணப் பாத்தீங்களா?”

“கண்ணு... கண்ணு வந்து...”

“அவங்க படகு மேல உக்காந்து மைலோ குடிச்சிக்கிட்டிருந்தாங்க” என்று ஒரு குரல் வந்தது. பதுருன்னிசா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்திருந்தார். “கண்ணப் பாத்தது நான்தான்.”

பிறகு அவர் சொன்னார். ஆம்ப்ரோஸைப் போலக் கையை விரிக்கவில்லை, சாண் கூட்டவில்லை. கறிக்கு உப்பு எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார். அது வந்ததையும் நின்றதையும், முகத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்ததையும், கறுப்பு என்று நினைத்த கண் கிட்டப் பார்த்தால் கரு நீலமாக இருந்ததையும். “வயசான பொம்பள மாதிரி இருந்துச்சு. நிறைய புள்ள பெத்தவ மாதிரி. ‘நீ இங்க என்னம்மா பண்ற?’ன்னு கேக்குற மாதிரி பாத்துச்சு. நானும் ‘அதானே’ன்னு நெனச்சுக்கிட்டேன்.”

 புரோட்டா போடுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

ஜலாலுதீன் அவமானத்தில் தலை குனியப் போனவர், தற்செயலாக ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் கண்ணாடியில் பார்த்த முகம் அது. வாய் சிரித்தது, கன்னம் சிரிக்கவில்லை. ஆம்ப்ரோஸின் கை தானாக வயிற்றின் மேல்பாகத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஜலாலுதீனுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு எரிச்சல் அடங்கி, குளுகுளுவென்று இருந்தது.

“கரு நீலமா?” என்றார் ஆம்ப்ரோஸ் மெல்ல. “கறுப்புதான் லா.”

“நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க அண்ணே” என்றார் ஜலாலுதீன், அன்போடு. “மாத்திர இருக்கு, வேணுமா?”

ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் யோசித்து முடித்திருந்தார். “இனிமே பேச்சே இல்ல. நம்ம அக்காதான் சுறா லாத்தா.”

கடை முழுவதும் கை தட்டியது. ஜலாலுதீனும் தட்டினார், இந்தத் தடவை சத்தம் வந்தது. வீட்டை விட்டுப் போகவில்லையே பட்டம்! அவர் குரலை உயர்த்தி, “எல்லாருக்கும் புட்டு எடுத்துட்டு வாங்கப்பா!” என்றார்.

புட்டு வந்தது. மஞ்சள் இருந்தது, மிளகு இருந்தது, பூண்டு தாராளமாக இருந்தது. ராமலிங்கம் ஒரு வாய் போட்டு, மென்று, நிறுத்தினார்.

“இது வாழக்கா லா!”

“வாழக்காதான்” என்றார் பதுருன்னிசா. “இனிமே இந்தக் கடையில சுறா கெடையாது.”

“யாரைக் கேட்டு?” என்றார் ஜலாலுதீன்.

“செய்றது யாரு?”

ஜலாலுதீன் தட்டில் கிடந்த வாழைக்காயைப் பார்த்தார். ஆனால் அவரைவிட அதிகம் பதறியது ஆம்ப்ரோஸ். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“லாத்தா, அவசரப்படாதீங்க. மொத்தமாவா நிறுத்துறது? நானே ஈஸ்டர் வரைக்கும்தான் விரதம்னு... அதாவது, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா...”

“கண்ணப் பாத்துட்டேன்னு சொன்னீங்களே அண்ணே?”

“பாத்தேன். பாக்கலன்னு சொல்லல. ஆனா நம்ம புட்டு வேற...”

“பால்சுறா வேற குடும்பம்” என்று ஜலாலுதீன் உடனே ஆதரவு கொடுத்தார்.

பதுருன்னிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். ஓர் இளைஞர் கூட்டம் படம் பிடித்துக்கொள்ள அவரைச் சூழ்ந்துகொண்டது. மூலை மேசையில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே தட்டு வாழைக்காய்ப் புட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உப்புக் கம்மி பாய்.”

“முள்ளும் இல்ல அண்ணே.”

“பழைய ருசி வருமா?”

“எங்க வரும்.”

 ஜலாலுதீன் கல்லாப் பக்கம் திரும்பினார். கூட்டம் கலைந்திருந்தது. அவர் மனைவியின் கண்ணை நேராக, அவசரமில்லாமல், இமைக்காமல் பார்த்தார். கண்ணாடி முன் செய்த பயிற்சி வீண் போகவில்லை.

பதுருன்னிசா நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் பதிலுக்குப் பார்த்தார்.

“என்னங்க, கண்ணுல மொளகாத்தூள் விழுந்துருச்சா?” என்றார்.